புதனைத் தேடிப் போன இரண்டு சம்பந்திகள்

"என்னம்மா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று அந்தப் போலீஸ்காரம்மா கேட்டார்.

கோமளா மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்" என்றார்.

பொய் சொல்ல வராதவர்களைக் கூட்டிக்கொண்டு பொது இடத்துக்குப் போகக் கூடாது என்று எனக்குப் புரிந்த சாயங்காலம் அது. காவிரிப் பாலத்தின் நடைபாதையில், மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். சூரியன் இறங்கிவிட்டது. ஆற்றில் மணல்தான் அதிகம். நடுவே ஓடை மாதிரி கொஞ்சம் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது. எங்களுக்குப் பின்னால் கடலை வறுக்கிற சட்டியின் சத்தம் நின்றுபோயிருந்தது. கடலைக்காரரே எங்களை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"பிரச்சினை யாருக்கும்மா இல்ல? பேசித் தீத்துக்கலாம். இந்த வயசுல இப்படி ஒரு முடிவுக்கு வரலாமா?"

"எப்படி ஒரு முடிவு?" என்றேன் நான்.

அவர் கீழே ஆற்றை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க. நாங்க புதனைப் பாக்க வந்தோம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா" என்றார். குரலில் அப்படி ஒரு கனிவு. ஜுரத்தில் பிதற்றுகிறவர்களிடம் நர்சுகள் பேசுவார்களே, அந்தக் கனிவு.

"வெள்ளியும் இருக்கு" என்று கோமளா மாமி வானத்தைக் காட்டினார். "அதோ பாருங்கோ, மேல. அதுக்குக் கீழதான் புதன் இருக்கணும். வரமாட்டேங்கறான்."

போலீஸ்காரம்மா மெதுவாக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

குக்கரோடு வந்தவள்

போன வாரம் இந்தப் பத்தியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஒழுங்காக அதைத்தான் தொடர வேண்டும். ஆனால் இரண்டு நாள் முன்பு பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடந்தபோது, அதே கடலைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை ஆட்டினார். அதற்கப்புறம் எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

கோமளா மாமி என் சம்பந்தி. என் மகள் நித்யாவின் மாமியார். நாங்கள் வையம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்காகத் திருச்சி வந்து மன்னார்புரத்தில் தங்கிவிட்டவர்கள். மாமியின் குடும்பம் ஸ்ரீரங்கம். அங்கே பெருமாளுக்கு என்ன தளிகையோ அதுதான் வீட்டிலும் சாப்பாடு. நித்யாவும் மாமியின் மகன் முகுந்தனும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே ஊரில் வேலை வாங்கி, இரண்டு வீட்டையும் ஒரே நாளில் திகைக்க வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கல்யாணம் ஒரு புதன்கிழமை. 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று சொல்லி அந்த நாளைப் பிடித்துக்கொடுத்தது வையம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார். அந்தப் பழமொழி கிழமையைப் பற்றியதே இல்லை, கிரகத்தைப் பற்றியது என்று சொல்கிறவர்களும் உண்டு. தங்கம்கூடக் கிடைத்துவிடும், புதன் கண்ணில் படமாட்டான் என்று அர்த்தமாம். எது சரியோ, எங்களுக்குக் கிழமை கிடைத்தது, மண்டபம் கிடைத்தது. வெங்காயம் போட்ட சாம்பார் எங்கள் பந்திக்கு, போடாத சாம்பார் அவர்கள் பந்திக்கு என்று ஏற்பாடு. கடைசியில் பந்தி மாறிப் பரிமாறிவிட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தது. அப்படி ஒரு நல்ல சம்பந்தம்.

சில வருஷங்கள் போயின. ஒரு சித்திரை மாதக் காலையில், பெங்களூர் பஸ்ஸிலிருந்து நித்யா ஒரு பெட்டியும் ஒரு பிரஷர் குக்கருமாக வந்து இறங்கினாள்.

"குக்கர் எதுக்குடி?"

"அது என்னோடதும்மா."

அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. சண்டையா? இல்லை. கை நீட்டினானா? சே, அவரா? வேறு யாராவது குறுக்கே வந்தார்களா? இல்லவே இல்லை.

"ரெண்டு பேரும் நல்லவங்கதாம்மா. சேர்ந்து இருக்கறப்போ ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது" என்றாள்.

இதை என் வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது? அவர் ரயில்வேயில் இருந்தவர். வண்டி நின்றால் ஏன் நின்றது என்று யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் அவருக்கு.

"பெரியவங்க உக்காந்து பேசினா எல்லாம் சரியாயிடும்" என்றார். பெரியவர்கள் என்றால் ஆண்கள் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. இவருக்கு முதுகுவலி வந்தது. அங்கே மாமியின் வீட்டுக்காரருக்கும் அதே வாரத்தில் முழங்கால் வீங்கியதாகக் கேள்வி. ஆக, மாமியிடம் பேசச் சொல்லி என்னை இங்கிருந்து அனுப்பினார்கள். என்னிடம் பேசச் சொல்லி மாமியை அங்கே தயாராக உட்கார வைத்திருந்தார்கள்.

முகம் தெரியாத குற்றவாளி

கோயிலுக்கு மேற்கே ஒரு ஃபிளாட்டில் மாமியின் வீடு. காபி வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினோம். தேருக்கு வந்த கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றி மிக விரிவாகப் பேசினோம். பிறகு பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

மாமி பெருமூச்சு விட்டார். "எல்லாம் அந்தப் புதனால வந்தது சம்பந்தி."

"கல்யாணம் வெச்ச கிழமையைச் சொல்றீங்களா?"

"கிழமை இல்லை, கிரகம். முகுந்தன் ஜாதகத்துல ஏழாம் இடத்துக்காரன் புதன். அவனோ அஸ்தங்கதம். சூரியனோட ஒட்டிண்டு காணாமலே போயிட்டான். அப்புறம் ஆம்படையா எப்படி நிப்பா?"

எனக்குக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் நான் வாய் தவறிக் கேட்டது வேறு.

"மாமி, நீங்க அவனைப் பாத்திருக்கீங்களா?"

"யாரை?"

"புதனை. நேர்ல."

மாமி யோசித்தார். "நாங்க நவக்கிரகம் சுத்தற வழக்கம் இல்லையே. பெருமாள் இருக்கறச்சே அவாளையெல்லாம் எதுக்குத் தனியா…"

"கோயில்ல இல்ல மாமி. வானத்துல."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "வானத்துலயா? அங்க தெரிவானா என்ன?"

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது ஆபீசில் ஒரு சுவர்க் கடிகாரம் தருவதாக இருந்தார்கள். ஓய்வு பெறுகிறவளுக்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்டு, பைனாகுலர் வாங்கித் தரச் சொன்னேன். அன்றிலிருந்து மொட்டை மாடிதான் எனக்கு ஆபீஸ். செவ்வாயைப் பார்த்தாயிற்று, வியாழனைப் பார்த்தாயிற்று, சனியைப் பார்த்தாயிற்று. வெள்ளியைப் பார்க்க பைனாகுலரே வேண்டாம். புதன் மட்டும் சிக்கவில்லை.

காரணம் எளிது. அவன் சூரியனை விட்டு அதிக தூரம் போகமாட்டான். சாயங்காலம் சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம், அல்லது விடிவதற்கு முன் கொஞ்ச நேரம் அடிவானத்தை ஒட்டித் தலைகாட்டிவிட்டு ஓடிவிடுவான். அதற்கு அடிவானம் வேண்டும். என் மொட்டை மாடிக்கு நேர் மேற்கே ஒரு நகைக்கடையின் விளம்பரப் பலகை இருக்கிறது. பொன் தினமும் தெரிகிறது. புதன்தான் தெரிவதில்லை.

எல்லாவற்றையும் மாமி கேட்டுக்கொண்டார். கைபேசியில் வானத்தைக் காட்டுகிற ஆப் ஒன்றைத் திறந்து, வெள்ளிக்குக் கீழே புதன் இருக்கிற இடத்தையும் காட்டினேன். மாமி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத்தனை வருஷமா இவனைத் திட்டிண்டிருக்கேன். முகத்தைக்கூடப் பாத்ததில்லை" என்றார். "வாங்கோ, போய்ப் பாத்துடலாம். எனக்கு அவன்கிட்ட நாலு வார்த்தை கேக்கணும்."

இறங்கி வருகிறார்கள்

பாலத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அங்கே நின்றால் மேற்கே ஆறு மட்டும்தான். கட்டடமும் கிடையாது, பலகையும் கிடையாது.

முதல் நாள் மாமி போனவுடனேயே கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "சேவிச்சுட்டேன் சம்பந்தி. நன்னா ஜொலிக்கறான்."

"அது வெள்ளி மாமி."

இரண்டாவதாக அவர் கண்டுபிடித்தது வெள்ளிக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் அது நகர்ந்துகொண்டே வந்து, விளக்கை விட்டுவிட்டுச் சிமிட்டி, ஏர்போர்ட் பக்கம் இறங்கிவிட்டது. மூன்றாவது, செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு. அதைத்தான் மாமி சந்தேகத்தோடு அதிக நேரம் பார்த்தார். "இவன் முழியே சரியில்லை" என்றார்.

மாமியைச் சொல்லிக் குற்றமில்லை. என் அப்பா வயலிலேயே வளர்ந்தவர். சாயங்காலம் தெரிகிற வெள்ளியும் விடிவெள்ளியும் வேறு வேறு என்று கடைசிவரை நம்பினார். இரண்டும் பங்காளிகளாம், பேச்சுவார்த்தை கிடையாதாம், அதனால்தான் ஒரே பருவத்தில் இரண்டும் வருவதில்லையாம். "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்று ஒருமுறை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியா, சமாதானமாயிட்டாங்களா?" என்றார்.

முதல் நாள் வீடு திரும்பியதும் இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தியா? என்னாச்சு?"

"எங்கங்க, ஒரே மேகமூட்டம். ஒண்ணும் தெரியல. நாளைக்கும் போறேன்."

மறுநாளும் கேட்டார். "இன்னிக்குக் கொஞ்சம் தெளிஞ்சுது. கீழ இறங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுதான் வந்தோம்" என்றேன்.

"இறங்கி வராங்களா!" என்று முகம் மலர்ந்தார். நான் செருப்பைக் கழற்றுகிற மும்முரத்தில் இருந்தேன், கவனிக்கவில்லை. மேகமூட்டமாக இருந்த சம்பந்தி வீட்டார் தெளிந்து, இறங்கி வருகிறார்கள் என்று அன்றைக்கே வையம்பட்டிக்குப் போன் போய்விட்டது. என் நாத்தனார் நித்யாவைத் திரும்ப அனுப்ப நல்ல நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை.

நீங்கள் கேட்கலாம், தினமும் சேர்ந்து நிற்கிறீர்களே, பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று. எக்ஸ்சேஞ்சில் நான் கண்டது ஒன்று உண்டு. காத்துக் கிடந்து வெளியூருக்கு ட்ரங்க் கால் வாங்குவார்கள். லைன் கிடைத்ததும், அங்கே மழையா, இங்கே மழை இல்லை, மாடு கன்று போட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நேரம் முடியப்போகிறது என்று நான் குறுக்கே சொன்னால்தான், "சரி, அப்பா தவறிட்டாரு" என்பார்கள். பாலத்தில் எங்களுக்குக் குறுக்கே சொல்ல யாரும் இல்லை.

முதலை

அந்த வெள்ளிக்கிழமை மாமிதான் முதலில் உடைந்தார். நான் பைனாகுலரில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து, "நித்யா நன்னா சாப்பிடறாளோ?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாமியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வயதான பெண்கள், பாலத்தின் கைப்பிடிச் சுவர், அழுகை. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரோ போய்ப் போலீஸ்காரம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

அவர் என் முழங்கையைப் பிடித்ததோடு விட்டேன் அல்லவா? அங்கிருந்து சொல்கிறேன்.

கூட்டத்தில் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு எங்கள் அழுகை தெரியவில்லை. ஆற்றுப் பக்கம் நீட்டியிருந்த பைனாகுலர்தான் தெரிந்தது.

"என்னாங்க பாக்குறாங்க?"

"தெரியலங்க. தண்ணில ஏதோ கிடக்குதாம்."

"முதலையா?"

ஒருவர் கேள்வியாகக் கேட்டது அடுத்தவர் வாயில் பதிலாகிவிட்டது. "முதலைங்க! அதோ, ஓடைக்கு அந்தாண்ட, கறுப்பா!"

நடைபாதை முழுக்க ஒரே தள்ளுமுள்ளு. டூவீலர்களை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். ஒரு டவுன் பஸ் நின்றது. ஜன்னல்களிலிருந்து தலைகள் முளைத்தன. போலீஸ்காரம்மா என் முழங்கையை விட்டுவிட்டு, "அதைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்று பைனாகுலரை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார்.

"கட்டை மாதிரி இருக்கே" என்றார்.

"முதலைன்னா கட்டை மாதிரிதாங்க இருக்கும்" என்றார் கடலைக்காரர்.

வால் அசைகிறது என்றார் ஒருவர். வாய் திறந்தது என்றார் இன்னொருவர். அந்த அமளிக்கு நடுவே கோமளா மாமி என் கையைச் சுரண்டினார். "சம்பந்தி! அதோ! வெள்ளிக்கு நேர் கீழ, சின்னதா!" நான் எக்கிப் பார்த்தேன். ஒருவர் தன் மகளை முதலை பார்ப்பதற்காகத் தோளில் ஏற்றி நிறுத்தியிருந்தார். புதன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழந்தையின் ரிப்பன் இருந்தது.

பைனாகுலர் திரும்பி வந்தபோது அடிவானம் இருட்டிவிட்டது. "இனிமே இந்த மாதிரி முதலையெல்லாம் பாத்தா கூட்டம் சேக்காம நேரா எங்ககிட்ட வந்து சொல்லணும்" என்று போலீஸ்காரம்மா அறிவுரை சொல்லி எங்களை அனுப்பிவைத்தார். போகும்போது திரும்பி மாமியிடம், "வீட்ல பேசுங்கம்மா" என்றார். அதை மட்டும் நிஜமான அக்கறையோடு சொன்னார்.

மறுநாள் ஸ்ரீரங்கம் முழுக்க அதே பேச்சு. மாமியின் வீட்டுக்காரர் வீங்கிய முழங்காலோடு கீழே போய்ச் செய்தி சேகரித்து வந்தாராம். "காவிரியில முதலை! மொதல்ல பாத்தது ரெண்டு பொம்மனாட்டிகளாம். என்ன தைரியம் பாரு! நீ இனிமே அந்தப் பாலத்துப் பக்கமே போகப்படாது" என்று சொல்லிவிட்டார். "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தி நான்தான்" என்று மாமி சொல்லிப் பார்த்தாராம். முதலையைப் பார்த்தவள் இப்படி நிதானமாக ரசத்துக்குப் புளி கரைக்கமாட்டாள் என்று அவர் நம்பவில்லை.

சில நாள் கழித்து ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். வந்தது ஒரு தென்னங்கட்டை. கூடியிருந்தவர்கள் அதையும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. முதலை போய்விட்டது, கட்டை மட்டும் தங்கிவிட்டது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

அதற்குள் நாள் ஓடிவிட்டது. புதன் கீழே கீழே போய், சூரிய வெளிச்சத்தில் கரைந்துவிட்டான். போனில் மாமியிடம் சொன்னேன்.

"பாத்தேளா! அஸ்தங்கதம்!" என்றார் மாமி. அப்படி ஒரு வெற்றிக் குரல்.

"கொஞ்ச வாரம் பொறுங்க மாமி. அந்தப் பக்கம் போயி, விடியக் காலையில வருவான்."

சிரிப்புச் சங்கம்

ஆடி பிறந்தது. ஆறுகளில் தண்ணீர் வந்துவிட்டது. விடிவதற்கு முன் கொள்ளிடக் கரையில் நிற்க வேண்டுமானால் மன்னார்புரத்திலிருந்து கிளம்பி முடியாது. முதல் நாளே போய் மாமி வீட்டில் தங்குவது என்று முடிவாயிற்று. பையில் ஒரு புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நித்யா அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் வேண்டாம்னு வந்த வீட்டுக்கு நீ குடி போறியா?"

"ஒரு ராத்திரிதாண்டி."

"நான்கூட அப்படித்தான் ஆரம்பிச்சேன்" என்றாள்.

மறுநாள் இருட்டு விலகுவதற்கு முன் மாமி ஸ்கூட்டரை எடுத்தார். ஹெல்மெட் கொண்டைக்கு மேல் உட்காராமல் தலைக்கு மேல் ஒரு தலை மாதிரி நின்றது. பின்னால் நான், கழுத்தில் பைனாகுலரோடு. தெருக்களில் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஈரச் சாணத்தின் வாசனையும் எங்கோ கறந்த பாலின் வாசனையும் காற்றில் இருந்தன.

கொள்ளிடக் கரையில் படித்துறைக்கு மேலே நல்ல இடமாகப் பார்த்து நின்றோம். கிழக்கே ஆறு விரிந்து கிடந்தது. தண்ணீர் மேல் ஆவி மாதிரி மெல்லிய மூட்டம். வானம் அடியில் மட்டும் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நல்ல அமைதி.

அந்த அமைதியில் பின்னால் இருந்து, "ஹா! ஹா! ஹா!" என்று முப்பது பேர் சிரித்தார்கள்.

மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். திரும்பினால், மேலே மரத்தடியில் ஒரு வட்டம். ஓய்வு பெற்ற மனிதர்கள் கையை மேலே தூக்கிக்கொண்டு, முகத்தில் எந்தச் சந்தோஷமும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கு நல்லதாம். சிரிப்புப் பயிற்சி. வெள்ளை டீ சர்ட் போட்ட ஒருவர் நடுவில் நின்று, "அடிவயித்துலேருந்து! ஹோ ஹோ!" என்று கட்டளையிட்டார்.

"சம்பந்தி" என்றார் மாமி. "ஒண்ணு சொல்லணும். சொல்லப்படாதுன்னு ஆத்துல சொல்லிருக்கா."

"எனக்கும் ஒண்ணு இருக்கு மாமி. நீங்க சொல்லுங்க."

"நீங்க மொதல்ல."

"ஹா! ஹா! ஹா!" என்றது மரத்தடி.

மாமி ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முகுந்தன் இப்பத்தான் நன்னா தூங்கறானாம். கல்யாணத்துக்கப்புறம் இப்படித் தூங்கினதே இல்லைம்மாங்கறான். நித்யா மேல ஒரு குறை சொல்லலை. நல்ல பொண்ணும்மா, நல்ல பொண்ணும்மான்னு சொல்லிண்டே அழறான். அவளைத் திரும்ப அனுப்பச் சொல்லி உங்ககிட்ட கேக்கணும்னு ஆத்துல சொல்லியிருக்கா. நான் எப்படிக் கேப்பேன்? கேட்டா என் பிள்ளை மறுபடி முழிச்சிண்டு படுத்திருப்பான்."

"ஹோ! ஹோ! ஹோ!"

"நித்யா பாடறா மாமி" என்றேன்.

"என்னது?" அந்தச் சிரிப்பில் மாமிக்குக் கேட்கவில்லை.

"பாடறா!" என்று கத்தினேன். "குளிக்கறப்போ! சின்ன வயசுல பாடுவா, நடுவுல விட்டுட்டா! இப்ப வந்து ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாடறா! நான் கதவுக்கு வெளிய நின்னு கேக்கறேன். எப்படி மாமி அவளைப் போகச் சொல்றது?"

மாமி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். இத்தனை வாரமாக ஒருவரை ஒருவர் எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தவித்தது போய், இருவருக்கும் சம்மதிக்க வைக்கவே மனமில்லை என்று தெரிந்தபோது உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது. வெள்ளை டீ சர்ட்காரர் எங்கள் தோள்கள் குலுங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார்.

"சபாஷ்! அப்படித்தான்மா!" என்று குரல் கொடுத்தார். "கண்ணுல தண்ணி வரணும்! எல்லாரும் அந்த ரெண்டு அம்மாவைப் பாருங்க!"

முப்பது பேரும் எங்களைப் பார்த்து இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கே இன்னும் வியப்பு. அழுகைக்கு நடுவில் மாமிக்கு ஒரு விக்கல் வந்தது. அந்த விக்கலைக் கேட்டு எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கும் வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தோம். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது, ஆற்றின் அக்கரைத் தென்னைகளுக்கு மேலே, இளஞ்சிவப்பான வெளிச்சத்தில், ஒரு சின்னப் புள்ளி அசையாமல் நின்றது.

ஆப்பை எடுத்துச் சரிபார்த்தேன். சந்தேகமே இல்லை. பைனாகுலரை மாமியிடம் கொடுத்தேன். சூரியன் வர இன்னும் நேரம் இருந்தது, பயமில்லாமல் பார்க்கலாம்.

மாமி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுவா?"

"இதுதான் மாமி. புதன்."

"இத்தனூண்டா இருக்கு."

"ஆமாம்."

அவர் கேட்பதாக இருந்த நாலு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். மாமி பைனாகுலரை இறக்கி என் கையில் வைத்தார்.

"பாவம் சம்பந்தி. கடுகு மாதிரி இருந்துண்டு, இது போயி பெங்களூர்ல ஒரு குடித்தனத்தைக் கலைக்குமா?" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "விட்டுடலாம்" என்றார். "அவா ரெண்டு பேரையும் விட்டுடலாம். ஆத்துல நான் சொல்லிக்கறேன். நீங்க உங்காத்துல சொல்லுங்கோ."

பால்கனியில் ஒரு போன்

நான் வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். நித்யா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"பிரிஞ்சுக்கட்டுங்க. மாமியும் அதைத்தான் சொல்றாங்க" என்றேன்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

இவர் மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார். வையம்பட்டியில் நாள்கூடப் பார்த்துவிட்டார்கள் என்கிற கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "அப்போ இத்தனை வாரமா ரெண்டு பேரும் என்னதான் பேசினீங்க?"

"இன்னிக்குக் காலையிலதாங்க பேசினோம்."

நித்யா கையெல்லாம் தேங்காய்ப் பூவோடு வந்து நின்றாள். தன்னைப் பற்றியோ முகுந்தனைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "மாமி அழுதாங்களாம்மா?" என்றாள்.

"அழுதாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதிதான் கேட்டது. "இல்ல மாமி… சாப்பிடறேன் மாமி… ஐயோ, நீங்க அழாதீங்க…" பிறகு என்ன நினைத்தாளோ, மாமி என்ன சொன்னாரோ, நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். அடங்கி, மறுபடியும் சிரித்தாள்.

இவருக்கு அதுதான் தாங்கவில்லை. "டைவர்ஸ் வாங்கப்போறவ மாமியார்கிட்ட இப்படியா சிரிச்சுப் பேசுவா?" என்று என்னிடம் கேட்டார்.

"மாமியாரை எதுக்குங்க டைவர்ஸ் பண்ணணும்?" என்றேன்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அடுப்புப் பக்கம் போகாதவர், எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை. முழுவதையும் குடித்தேன்.